பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்: பயண ஓவியர்களும் மயிலம் மலையும்

ஏழாம் வகுப்பில் "நம்ம ஊர்க் காட்சி ஒண்ணு வரைங்க" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை முடித்து நிமிர்ந்தேன். முப்பத்திரண்டு தாள்களிலும் ஏறக்குறைய ஒரே படம். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே கதிர் வீசும் அரைச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு ஓட்டு வீடு, வீட்டின் மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து வளைகோடுகளாகப் பறவைகள். நீங்கள் எந்த மாவட்டத்தில் பணியாற்றினாலும் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நாமும் சிறு வயதில் இதைத்தான் வரைந்தோம்.

எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் மயிலம் மலை தெரியும். அது முக்கோணம் இல்லை. உருண்டை உருண்டையாகப் பாறைகள், இடையிடையே புதர், மேலே முருகன் கோயில் கோபுரம். அதிலிருந்து ஆறு எதுவும் இறங்கவில்லை. அந்த மலையைத் தினமும் பார்த்தபடி பள்ளிக்கு வரும் குழந்தைகள், 'மலை' என்றதும் எங்கோ படித்த, யாரோ வரைந்து காட்டிய மலையை வரைகிறார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தபோது, ஒரு பையன் பெரிய பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பக்கம் தட்டையாக ஒரு மலையை வரைந்து கொண்டுவந்தான். உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து கிடப்பது போல இருந்தது. "மலை மாதிரியே இல்லையே, கூர்மையா வரைஞ்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். அவனும் அழித்துவிட்டு முக்கோணம் போட்டுக்கொண்டு வந்தான். 'நன்று' என்று கையெழுத்திட்டேன். செஞ்சிப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்தப் படம் நினைவுக்கு வரும். சாலையின் இரு பக்கமும் அவன் முதலில் வரைந்த மலைகள்தான் நிற்கின்றன.

இந்த ஆண்டு அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகையை நடத்தும்போது, அக்காலத்தில் நம் நாட்டுக்கு வந்த ஓவியர்களின் படங்கள் சிலவற்றை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையிட்டேன். பாடத்துக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன். அது ஓவிய வகுப்பாகவும், பிறகு அறிவியல் வகுப்பாகவும் நீண்டுவிட்டது.

முதலில் காட்டியது தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனும். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது தாமஸுக்கு முப்பத்தாறு வயது ஆகியிருந்தது. வில்லியம் பதினாறு வயதுப் பையன். நம் பதினோராம் வகுப்பு மாணவன் வயது. வட இந்தியாவைச் சுற்றிய பிறகு, 1792-இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். திப்பு சுல்தானுடன் கம்பெனி நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஓசூர், இராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம் அருவி, திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் என்று வரைந்துகொண்டே போனார்கள். 1794-இல் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் பதித்து, அச்செடுத்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் அவை.

மாமல்லபுரத்துப் படத்தைத் திரையில் பார்த்ததும் வகுப்பில் ஒரே சத்தம். போன ஆண்டுதான் சுற்றுலா போய்வந்திருந்தார்கள். "டீச்சர், இது நாம பார்த்ததே!" என்றார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளைக் காட்டியபோது ஒரு மாணவி, "இது செஞ்சி மாதிரி இருக்கு டீச்சர், மலை உருண்டையா இருக்கு" என்றாள். எனக்கு அந்தப் பழைய உருளைக்கிழங்கு மூட்டை ஞாபகம் வந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பல்லக்கில் வந்து பார்த்து உருண்டையாக வரைந்திருக்கிறார். இங்கேயே பிறந்த பையனை நான் முக்கோணம் போட வைத்திருக்கிறேன்.

டேனியல்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. கேமரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டுபோனார்கள். பெட்டியின் ஒரு பக்கம் வில்லை வழியாக ஒளி புகும். உள்ளே வெளிக்காட்சியின் பிம்பம் விழும். அதன்மேல் கோடு இழுத்தால் கோபுரத்தின் உயரமும் மண்டபத்தின் அகலமும் விகிதம் மாறாமல் வரும். நம் அறிவியல் பாடத்தில் வரும் ஊசித்துளைக் கேமராவின் அண்ணன் என்று சொன்னால் குழந்தைகளுக்குப் புரிந்துவிடும். அட்டைப்பெட்டியில் செய்து பார்க்கலாம். எங்கள் மாணவர்கள் காலணிப் பெட்டியில் செய்தார்கள். பிம்பம் தலைகீழாக விழுந்ததில் வகுப்பு அரை மணி நேரம் ஓடிப்போனது.

டேனியல்கள் எவ்வளவு கவனமாக வரைந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1990-களில் அந்தோனியோ மார்த்தினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர், அவர்கள் வரைந்த இடங்களைத் தேடிப்போய் அதே கோணத்தில் நின்று படம் எடுத்தார். ஓவியத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. இடிந்தது எது, புதிதாக முளைத்தது எது, அப்படியே நிற்பது எது என்று சொல்ல முடிகிறது. நேரில் நின்று வரைந்ததால்தான் இது முடிந்தது.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் வகுப்பில் பேசிவிட வேண்டும். அவர்கள் தங்கள் ஊர்ச் சந்தைக்காக வரைந்தவர்கள். படத்தில் நம் மக்கள் பெரும்பாலும் குட்டியாக, கோயிலின் உயரத்தைக் காட்ட வைத்த அளவுகோல்கள் போலத்தான் இருக்கிறார்கள். பல்லக்கு தூக்கியவர்கள், சாமான் சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள் யார் என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. கம்பெனிப் படை போரிட்ட கோட்டைகளை அவர்கள் ஆர்வமாக வரைந்ததற்குக் காரணம் என்ன என்று எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டேன். "ஜெயிச்சதைக் காட்டறதுக்கு" என்று ஒருவன் உடனே சொன்னான். அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பறைக்கு டேனியல்களைவிட எனக்கு அதிகம் பயன்பட்டவர் எட்வர்ட் லியர். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்கள் எழுதியவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். பிழைப்புக்கு அவர் நிலக்காட்சி ஓவியர். 1873 நவம்பரில், அறுபத்தொன்றாம் வயதில், இந்தியா வந்தார். 1875 ஜனவரி வரை நாடு முழுக்கச் சுற்றினார். 1874-இல் தமிழ்நாட்டுக்கு வந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சை, திருச்சி எல்லாம் பார்த்து வரைந்தார். நோயாளி, கண் பார்வையும் சரியில்லை. அந்த உடம்போடு ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கில் கோட்டுப்படங்கள் போட்டிருக்கிறார்.

அவர் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் வேகமாகக் கோட்டுப்படம். வண்ணம் தீட்ட அங்கே நேரம் இல்லை. அதனால் படத்தின் மேலேயே எழுதிவிடுவார்: இங்கே மஞ்சள், இங்கே கரும்பச்சை, இது மணல், இது நிழல். ஓரத்தில் இடத்தின் பெயர், தேதி, நேரம். பிறகு ஓய்வு கிடைக்கும்போது பென்சில் கோட்டின் மேல் மையால் வரைந்து, எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து வண்ணம் பூசுவார். பாறை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதிச் சிரித்துக்கொள்வது அவர் வழக்கம். மொழிப்பாட ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

வண்ணப்பெட்டி வாங்க வசதியில்லாத பள்ளிக்கு இதைவிட நல்ல முறை எது? ஒரு பென்சில், ஒரு தாள், பரீட்சை அட்டை போதும். வண்ணத்தைச் சொல்லால் எழுதலாம். அந்தச் சொற்களைத் தேடும்போதுதான் குழந்தை உண்மையில் பார்க்கத் தொடங்குகிறது.

ஒரு பெண்மணியையும் மாணவிகளுக்குக் காட்டினேன். மரியான் நார்த் என்ற ஆங்கிலேயர். குடும்பத் துணையின்றி உலகைச் சுற்றி, செடி கொடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். 1877-இன் இறுதியில் தொடங்கிய இந்தியப் பயணத்தில் மதுரை, தஞ்சைப் பக்கமும் வந்தார். லண்டனில் கியூ தாவரவியல் பூங்காவில் தன் செலவிலேயே ஒரு கூடம் கட்டிக்கொடுத்தார். 1882-இல் திறந்த அந்தக் கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் சுவரை நிறைத்திருக்கின்றன. "தனியாவா போனாங்க?" என்பதுதான் எங்கள் மாணவிகள் கேட்ட முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான்.

இனி வருபவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் போன்றவர். மயிலத்திலிருந்து அதிகத் தூரமில்லாத திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளில் பலவும் மாணவர்களை அழைத்துப்போயிருக்கும். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இலையும் இல்லாத வெறும் அடிமரங்கள். அதனால் அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். இந்தக் கல்மரங்களைப் பற்றி 1781-இல் முதன்முதலாக எழுதிய ஐரோப்பியர் பியர் சொன்னரா. பிரான்சின் லியோன் நகரத்துக்காரர். புதுச்சேரி அன்று பிரெஞ்சுக்காரர்களின் முக்கிய ஊர் என்பதால் இந்தப் பக்கம் வந்தவர். இயற்கை ஆய்வாளர், கூடவே நன்றாக வரையக் கூடியவர். 1774 முதல் 1781 வரை செய்த பயணங்களை 1782-இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நம் மக்களின் தொழில்கள், உடைகள், தெய்வ உருவங்கள், பறவைகள், செடிகள் என்று நூறுக்கும் மேற்பட்ட படங்கள் அதில் உண்டு. நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே சொன்னராதான் இன்னொரு வேலையும் செய்தார். 1776-இல் நியூ கினியாப் பயணம் என்று ஒரு நூல் வெளியிட்டார். நியூ கினியா ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வெப்பத் தீவு. அங்கே அவர் போகவே இல்லை. பிலிப்பைன்ஸ், மலுக்குத் தீவுகள் வரை போய்த் திரும்பிவிட்டார். ஆனால் பிறரிடமிருந்து கிடைத்த பறவைகளின் தோல்களை வைத்து வரைந்து, எல்லாம் நியூ கினியாவில் உள்ளவை என்று எழுதிவிட்டார். அதில் பெங்குவின்கள் இருந்தன! ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியான குக்கபராவும் இருந்தது. அவர் சொன்னதை நம்பி மற்ற அறிஞர்கள் பெயர் வைத்தார்கள். அறிவியல் பெயரிடலில் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் தென்துருவப் பக்கத்தில் வாழும் ஒரு பெங்குவின் இன்றைக்கும் 'பப்புவா' என்ற ஊர்ப் பெயரைச் சுமக்கிறது. நியூ கினியாவில் இல்லாத குக்கபராவின் அறிவியல் பெயரில் 'நியூ கினியா' நிலைத்துவிட்டது. அந்தப் பெயர்களுக்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது பெங்குவினுக்கு எல்லோரும் சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருவன் மட்டும் கேட்டான்: "படம் கரெக்டாத்தானே போட்டிருக்காரு டீச்சர்? அப்புறம் என்ன தப்பு?" நல்ல கேள்வி. பறவையின் அலகும் இறகும் சரியாகவே இருக்கலாம். எங்கே பார்த்தேன் என்ற ஒரு வரிதான் பொய். இடமும் தேதியும் ஓவியத்துக்கு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கும் அது ஒரு பாடமாக இருந்தது.

அடுத்த வாரம் மலைக்குப் போனோம். ஏழாம் வகுப்பையும் சேர்த்துக்கொண்டேன். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், துணைக்கு இன்னொரு ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு அம்மாக்கள். காலை முதல் இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டேன். பத்தரை மணிக்கு மேல் எங்கள் பக்கத்து வெயிலில் யாரும் உட்கார முடியாது. தண்ணீர்ப் புட்டி, தொப்பி அல்லது துண்டு, பரீட்சை அட்டை, இரண்டு பென்சில். ரப்பர் வேண்டாம் என்று சொன்னேன். ரப்பர் இருந்தால் குழந்தைகள் மலையைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த விதிக்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. மூன்று ரப்பர்கள் பையில் ஒளிந்து வந்ததும் எனக்குத் தெரியும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் நடுவே செவ்வகமாக வெட்டி ஆளுக்கொரு சன்னல் செய்திருந்தோம். அதைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எதை வரைவது, எதை விடுவது என்று தெரியும். மலை முழுவதையும் தாளில் அடக்கத் துடிக்கும் குழந்தைக்கு இந்தச் சன்னல் பெரிய உதவி. உயரத்தை அளக்கப் பென்சிலை நீட்டிப் பிடித்து விரலால் குறிக்கும் பழைய முறையையும் சொல்லிக்கொடுத்தேன். கோபுரம் மலையில் எத்தனை பங்கு? பாதி என்று ஊகித்தவர்கள்தான் அதிகம். அளந்தபோது அதைவிட மிகச் சிறியதாக வந்தது. யாரும் நம்பவில்லை. மூன்று முறை அளந்தார்கள்.

மயிலத்துக்கென்று ஒரு கேள்வி உண்டு. சூரபத்மன் முருகனின் வாகனமாக வேண்டி மயில் உருவில் தவம் செய்தான், அந்த மயிலே இந்த மலை, ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்தது என்பது தல வரலாறு. இதை எங்கள் குழந்தைகள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மயிலை மலையில் பார்த்தவர் யார் என்றேன். ஐந்தாறு கைகள் உயர்ந்து, தயங்கி, இறங்கின. நான்கு குழுக்களாகப் பிரித்து நான்கு பக்கம் அனுப்பினேன். ஒவ்வொரு குழுவும் தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து மலையின் வெளிக்கோட்டை மட்டும் ஒரே இழுப்பில் வரைய வேண்டும். மயில் தெரிந்தால் வரையலாம். தெரியாவிட்டால் தெரிந்ததை வரைய வேண்டும்.

திரும்பி வந்து நான்கு வெளிக்கோடுகளையும் மரத்தடியில் பரப்பி வைத்தோம். ஒரே மலை என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு பக்கம் நீண்டு சரிகிறது, ஒரு பக்கம் திமில் போல எழும்புகிறது. வயல் பக்கம் போன குழு, "கழுத்து இது, தோகை இது" என்று அடித்துச் சொன்னது. சாலைப் பக்கம் நின்ற குழு, "எங்க பக்கம் படுத்த மாடுதான் தெரிஞ்சுது" என்றது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வயல் பக்கம் போய்ப் பார்க்கிறோம் என்று கிளம்பியவர்கள் சாலைக் குழுக்காரர்கள்தான்.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் வரைந்தார்கள். லியர் செய்தது போல வண்ணத்தைச் சொல்லில் எழுதச் சொன்னேன். முதலில் எல்லாப் பாறையும் 'கறுப்பு', எல்லா மரமும் 'பச்சை'. "எந்தக் கறுப்பு?" என்று ஒருமுறைதான் கேட்டேன். அதன் பிறகு வந்தவை: யானைக் கலர், மழை பெஞ்ச தார் ரோடு கலர், காய்ந்த சாணிக் கலர், அடுப்புக் கல்லு கலர், வெந்த கேழ்வரகுக் களி கலர். மரத்துக்கு: வேப்பங்கொழுந்து, பழைய வெற்றிலை, தூசி படிஞ்ச பச்சை. தமிழாசிரியர் இந்தத் தாள்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார். உவமை நடத்துவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்றார்.

அங்கே இரண்டு சண்டைகள் நடந்தன. முதல் சண்டை நிழலைப் பற்றியது. ஒரே பாறையை வரைந்த இருவரில் ஒருத்தியின் நிழல் நீளமாக இருந்தது, மற்றவளின் நிழல் அதில் பாதிகூட இல்லை. "இவ தப்பா போட்டுட்டா டீச்சர்." தாளின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் 9.25, இன்னொன்றில் 10.20. இருவரும் சரி. நேரம் எழுதாமல் இருந்திருந்தால் ஒருத்திக்கு நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இரண்டாவது, சண்டை என்று சொல்வதைவிட ஒரு சிக்கல் எனலாம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "என்னாடி கண்ணு, அந்தப் பாறைக்குப் பக்கத்துல இருந்த புளியமரத்த வுட்டுட்ட? நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ இம்மாம் பெருசு. அதையும் போடு" என்றார். அவள் என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், அங்க மரமே இல்ல. ஆயா போடச் சொல்றாங்க. போடட்டுமா?"

போடக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது. இல்லாததை வரைந்தால் சொன்னராவின் பெங்குவின் ஆகிவிடும். ஆனால் ஆயா சொல்வது பொய்யும் இல்லை. மரம் இருந்த காலத்தை அவர் பார்த்திருக்கிறார். அதைத் தாளில் எங்கேயாவது பதிவு செய்யாவிட்டால் அதுவும் ஒரு இழப்புதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "படத்துல போடாதடி. பின்னாடி எழுது. ஆயா சொன்னதுன்னு எழுது."

அப்படியே செய்தோம். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் இது வழக்கமாகிவிட்டது. தாளின் முன்பக்கம் பார்த்தது. பின்பக்கம் கேட்டது, யார் சொன்னார் என்ற விவரத்தோடு. ஏரிக்கரையை வரைந்த ஒருவனின் தாளுக்குப் பின்னால், தண்ணீர் முன்பு எதுவரை நின்றது என்று அவன் தாத்தா சொன்ன குறிப்பு இருக்கிறது. கல் உடைக்கும் வேலைக்குப் போகும் அப்பாவின் மகள் ஒருத்தி, வெட்டுப்பட்ட குன்றைச் செங்குத்துச் சுவராக, வெடிமருந்துத் துளைகளின் கோடுகளோடு வரைந்துவிட்டு, பின்னால் "அப்பா வேலைக்குச் சேர்ந்தப்போ இது முழுசா இருந்துதாம்" என்று எழுதியிருந்தாள். முன்பெல்லாம் என்றால் "அழகான காட்சியா வரைம்மா" என்று சொல்லியிருப்பேன்.

இதை உங்கள் பள்ளியில் செய்வதற்கு மலை வேண்டும் என்று இல்லை. பள்ளி வாசல், அடிகுழாய், பேருந்து நிறுத்தம், சத்துணவுக் கூடத்தின் புகைபோக்கி எதுவும் போதும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இருபது நிமிடம் அதிகம், ஏழெட்டு நிமிடம் போதும். எழுதத் தடுமாறும் குழந்தை வண்ணத்தை வாயால் சொல்ல, நீங்கள் எழுதிக்கொடுக்கலாம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கரும்பலகையில் மாதிரிப் படம் போடுவது. நீங்கள் போட்டுவிட்டால் அப்புறம் எல்லோரும் உங்கள் மலையைத்தான் வரைவார்கள். 'அழகு' என்பதற்கு மதிப்பெண் வைக்காமல், இடம், தேதி, நேரம் இருக்கிறதா, குறைந்தது மூன்று வண்ணச் சொற்கள் இருக்கின்றனவா, தாளைவிட மலையை அதிகம் பார்த்தானா என்று பார்க்கிறேன். கடைசியானதை நான் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தே முடிவு செய்கிறேன். கலைத் திருவிழாப் போட்டிக்கு இது நேரடியாக உதவுமா என்று கேட்ட சக ஆசிரியருக்கு என்னிடம் பதில் இல்லை.

வெளிநாட்டார் இங்கே வந்து வரைந்ததை மட்டுமே காட்டினால் பாடம் ஒருபக்கச் சாய்வாகிவிடும். நம்மவர் வெளியே போய் வரைந்ததும் உண்டு. வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1924-இல் தாகூருடன் சீனா, ஜப்பான் போனார். பயணங்களில் பார்த்ததை அஞ்சலட்டையில் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்புவது அவர் வழக்கம். ஒரு மரம், ஒரு மாடு, நடந்துபோகும் இரண்டு பேர், அவ்வளவுதான் இருக்கும். பெரிய தாளைக் கண்டு மிரளும் குழந்தைக்கு அஞ்சலட்டை அளவு ஒரு வரம். அதைப் பார்த்துத்தான் நாங்களும் மலைப் படங்களை அஞ்சலட்டை அளவு அட்டையில் மறுபடி வரைந்து, கடலோரப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினோம். கடலை நேரில் பார்த்து வரைந்து பதிலுக்கு அனுப்பும்படி கேட்டிருந்தோம்.

பதில் வந்துவிட்டது. பதினெட்டு அட்டைகள். ஒன்றில்கூடப் பாதி மூழ்கிய சூரியன் இல்லை. ஒரு அட்டையில் கவிழ்த்துப் போட்ட படகு, அதன் நிழலில் தூங்கும் நாய். வண்ணத்துக்கு எதிரே 'நண்டு ஓடு கலர்' என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் காலை 8.10. எங்கள் ஏழாம் வகுப்பில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு, நண்டு ஓடு வேகவைத்ததா வேகவைக்காததா என்பது. கேட்டு எழுதியிருக்கிறார்கள்.